டிஸ்க்கைக் கழற்றினதும் லினக்ஸ் எழ மறுத்தால்

காலை ஐந்தே முக்காலுக்கு என் போன் அடித்தால் அது ஸ்டுடியோ அண்ணனாகத்தான் இருக்கும். கும்பகோணத்தில் கல்யாணப் படம் எடுப்பவர். ஆவணி மாதம், முகூர்த்த நாள். "ஏம்மா, அந்தப் பெட்டி எந்திரிக்கவே மாட்டேங்குது. கறுப்புத் திரையில என்னமோ பூட்டிக் கிடக்குன்னு எழுதியிருக்கு. எண்டர் தட்டத் தட்ட அதேதான் வருது. டிஸ்க் போயிடுச்சா?"

அவர் 'பெட்டி' என்பது நான் அமைத்துக் கொடுத்த பழைய டெஸ்க்டாப். 120 ஜிபி எஸ்எஸ்டியில் டெபியன் 12 என்ற லினக்ஸ், யூஎஸ்பியில் ஒரு 4 டிபி டிஸ்க். கடையில் இருக்கும் இரண்டு விண்டோஸ் கம்ப்யூட்டர்களும் சாம்பா (விண்டோஸோடு ஃபோல்டரைப் பகிரும் மென்பொருள்) வழியாக அதில்தான் படங்களைக் கொட்டும். நான் கேட்ட முதல் கேள்வி: "அண்ணே, நேத்து அதுலேருந்து எதையாவது கழட்டினீங்களா?"

கொஞ்ச நேரம் சத்தமில்லை. "பெரிய டிஸ்க்கை ஆல்பம் போடுற இடத்துக்குக் குடுத்தனுப்பினேன். அது வெறும் ஸ்டோரேஜ்தானேம்மா? அதுக்கும் இதுக்கும் என்ன?"

அதற்கும் இதற்கும் நிறைய இருக்கிறது. தப்பு அவருடையதும் அல்ல, என்னுடையது. இதற்குள் அவருடைய மருமகன் பென்டிரைவில் ஓஎஸ்ஸை ஏற்றிக்கொண்டு வந்துவிட்டான், "ஃபார்மெட் அடிச்சிடலாம் மாமா" என்று. போனிலேயே அவனைத் தடுத்தேன். இந்தக் கோளாறில் உண்மையான ஆபத்து அந்த பென்டிரைவ்தான். டிஸ்க் சாகவில்லை, லினக்ஸ் கெடவில்லை, ஒரு கோப்பில் ஒரு வரி மட்டும் இப்போதைய நிலைமைக்குப் பொருந்தவில்லை.

அந்தக் கோப்பின் பெயர் எஃப்எஸ்டேப். இடிசி என்ற ஃபோல்டருக்குள் இருக்கும். எந்த டிஸ்க்கை எந்த ஃபோல்டரில் இணைக்க வேண்டும் என்று வரிக்கு ஒன்றாக அதில் எழுதியிருக்கும். ஒவ்வொரு வரியிலும் ஆறு இடம்: எந்த டிஸ்க், எந்த ஃபோல்டர், என்ன வகை, என்னென்ன விருப்பங்கள், கடைசியில் இரண்டு எண்கள். பூட் ஆகும்போது சிஸ்டம்டி (லினக்ஸில் எல்லாவற்றையும் எழுப்பிவிடும் புரோகிராம்) இதைப் படித்து, வேறு மாதிரி சொல்லியிருக்காவிட்டால் எழுதியிருக்கும் ஒவ்வொரு டிஸ்க்கையும் கட்டாயம் என்றே எடுத்துக்கொள்ளும். யூஎஸ்பி டிஸ்க்தானே, போனால் போகட்டும் என்று அதற்குத் தோன்றாது. டிஸ்க் வருமா என்று 90 விநாடி காத்திருக்கும். வராவிட்டால் பூட்டையே நிறுத்திவிட்டு, பழுதுபார்க்க மட்டும் உதவும் எமர்ஜென்சி மோடுக்குப் போய்விடும். பழைய உபுண்டுவில் இந்த இடத்தில் எஸ் அழுத்தினால் அந்த டிஸ்க்கை விட்டுவிட்டு மேலே போகும். 2015 ஏப்ரலில் 15.04 வந்து சிஸ்டம்டிக்கு மாறியபோது அந்த வசதி போயிற்று. எனக்கு இன்னும் அந்த எஸ் மேல் ஏக்கம் உண்டு.

கட்டளைகளைப் போனில் சொல்வது மாதிரியே ஒலிப்படி எழுதுகிறேன். தட்டும்போது ஆங்கிலச் சிறிய எழுத்தில் தட்டுங்கள். சொல்லாகப் படிப்பதைச் சொல்லாகவும், எழுத்தெழுத்தாகப் படிப்பதை அப்படியேயும் போட்டிருக்கிறேன். எஃப்எஸ்டேப் என்பது ஐந்து எழுத்து: எஃப், எஸ், டீக்கடை டி, ஏ, பாம்பே பி. டீக்கடை டியா டெல்லி டியா என்று சொல்லாமல் விட்டு ஒருமுறை அரை மணி நேரம் வீணாகியிருக்கிறது.

முதலில் திரையைப் படிக்கச் சொல்லுங்கள். வரிகளின் தொடக்கத்தில் சதுர அடைப்புக்குள் 'ஓகே' என்று பச்சையில் ஓடிக்கொண்டே இருக்கும். அதற்கு நடுவே 'டைம்' என்றோ 'டிபெண்ட்' என்றோ ஒரு வரி வந்தால் அங்கே நிறுத்துங்கள். டைம் என்றால் காத்திருந்து ஓய்ந்துவிட்டது. டிபெண்ட் என்றால் அதை நம்பியிருந்த வேறொன்று விழுந்துவிட்டது. அந்த வரியிலேயே ஃபோல்டரின் பெயரும் இருக்கும். அண்ணன் படித்துச் சொன்னது 'எஸ்ஆர்வி போட்டோ'. எனக்கு அதுவே போதும்.

அடுத்து எமர்ஜென்சி மோடு எப்படிக் கதவைத் திறக்கிறது என்று பார்க்க வேண்டும். ரூட் (எல்லா அதிகாரமும் உள்ள கணக்கு) பாஸ்வேர்ட் கேட்டால் அதைக் கொடுத்து உள்ளே போகலாம். உபுண்டு, மின்ட் என்றால் பெரும்பாலும் எண்டர் தட்டினாலே திறக்கும். டெபியனை நிறுவும்போது ரூட் பாஸ்வேர்டைக் காலியாக விட்டிருந்தால்தான் சங்கடம். ரூட் கணக்கு பூட்டப்பட்டிருக்கிறது, எண்டர் தட்டு என்று சொல்லும். தட்டினால் மறுபடி முயன்று, மறுபடி அதே இடத்துக்கே வரும். அண்ணன் மாட்டிக்கொண்டது இதில்தான். சொந்தப் பாஸ்வேர்டிலேயே ரூட் வேலை செய்ய விடும் சூடோ இருக்கும்போது ரூட் பாஸ்வேர்ட் எதற்கு என்று காலியாக விட்டவளும் நான்தான்.

அப்படிப் பூட்டிக்கொண்டால் க்ரப் (லினக்ஸை ஏற்றும் தொடக்கப் பட்டியல்) வழியாகப் பின்கதவில் நுழையலாம். பவர் பட்டனை அழுத்திப் பிடித்து அணைத்து, திரும்பப் போடுங்கள். டெபியனில் க்ரப் பட்டியல் ஐந்து விநாடி நிற்கும். மறைந்தே இருக்கும் கம்ப்யூட்டர்களில் பழைய பயாஸ் என்றால் ஷிஃப்டைப் பிடித்துக்கொள்ளுங்கள், அதற்குப் பின் வந்த யூஇஎஃப்ஐ என்றால் எஸ்கேப்பை ஒரு தட்டு தட்டுங்கள். முதல் வரி தேர்ந்தெடுத்த நிலையில் 'இ' எழுத்தை அழுத்தினால் பத்துப் பதினைந்து வரி கொண்ட ஒரு பக்கம் திறக்கும். அதில் 'லினக்ஸ்' என்ற சொல்லில் தொடங்கும் வரிக்குக் கீழ்அம்புக்குறியால் போய், எண்ட் விசையை அழுத்துங்கள். வரி நீளமாக இருந்தால் திரையின் ஓரத்தில் மடங்கி அடுத்த வரியில் தொடரும். அதைத் தனி வரி என்று நினைத்து நடுவில் எழுதிவிடாதீர்கள். முடிவில் பெரும்பாலும் 'ஆர்ஓ குயட்' என்று இருக்கும். அதற்குப் பிறகு ஓர் இடைவெளி விட்டு:

இனிட்=/பின்/பேஷ்

கண்ட்ரோலும் எக்ஸும் சேர்த்து அழுத்தினால் அந்த மாற்றத்தோடு பூட் ஆகும். இது இந்த ஒரு தடவைக்கு மட்டும்தான், டிஸ்க்கில் எதுவும் எழுதப்படாது. தப்பாகத் தட்டிவிட்டோமோ என்று பயப்பட வேண்டாம், அணைத்துப் போட்டால் பழையபடி ஆகிவிடும்.

இப்போது பாஸ்வேர்ட் கேட்காமலே ஒரு கட்டளைக்கோடு வந்து நிற்கும். ஆனால் படிக்க மட்டும்தான் அனுமதி. எழுத அனுமதி வாங்க:

மவுண்ட் -ஓ ரீமவுண்ட்,ஆர்டபிள்யூ /

ரீமவுண்ட் பக்கத்தில் உள்ள காற்புள்ளிக்கு முன்னும் பின்னும் இடைவெளி கூடாது. கடைசிச் சாய்கோட்டுக்கு முன் மட்டும் இடைவெளி. வெற்றி என்றால் திரை எதுவும் சொல்லாது. "ஒண்ணுமே வரலம்மா" என்று அண்ணன் பதறினார், அதுதான் வேண்டும் என்றேன். பாஸ்வேர்ட் கொடுத்து எமர்ஜென்சி மோடில் நுழைந்தவர்களும் இதைத் தட்டிவிடுங்கள். ஏற்கெனவே அனுமதி இருந்தால் கெடுதல் ஒன்றும் இல்லை.

அப்புறம் ஒரு நகல், அதன் பிறகு திருத்தம்:

சிபி /இடிசி/எஃப்எஸ்டேப் /இடிசி/எஃப்எஸ்டேப்.பழையது
நானோ /இடிசி/எஃப்எஸ்டேப்

நகலின் பெயரில் 'பழையது' என்ற இடத்தில் உங்களுக்குப் பிடித்த எதையும் வைக்கலாம். கோப்பு திறந்ததும் பிரச்சினை செய்யும் வரியைத் தேடி, அதன் முதல் எழுத்துக்கு முன்னால் ஒரு # குறி போடுங்கள். வரியை அழிக்காதீர்கள். # போட்டால் சிஸ்டம்டி அதைக் கண்டுகொள்ளாது, நமக்கோ நாளைக்குத் தேவைப்படும். சேமித்து வெளியே வர கண்ட்ரோல் ஓ, எண்டர், கண்ட்ரோல் எக்ஸ். ரூட் வரியை, அதாவது இரண்டாவது இடத்தில் வெறும் சாய்கோடு மட்டும் இருக்கும் வரியை, எந்தக் காரணம் கொண்டும் தொடாதீர்கள்.

கிளம்பும்போது ஒரு சின்ன விஷயம். க்ரப் பின்கதவில் வந்திருந்தால் வழக்கமான ரீபூட் கட்டளை அங்கே வேலை செய்யாது, அதைக் கேட்க வேண்டிய சிஸ்டம்டியே இன்னும் எழவில்லை. அதனால்:

சிங்க்
எக்செக் /எஸ்பின்/இனிட்

இதைத் தட்டியதும் விட்ட இடத்திலிருந்து பூட் தொடர்ந்தது. எமர்ஜென்சி மோடில் வந்தவர்கள் சிஸ்டம்சிடிஎல் ரீபூட் என்று தட்டினால் போதும். ஆறேகாலுக்குப் பெட்டி எழுந்துவிட்டது. அண்ணன் மண்டபத்துக்குப் போய்விட்டார், மருமகன் பென்டிரைவைப் பைக்குள் போட்டுக்கொண்டான்.

இதோடு விட்டிருந்தால் டிஸ்க் திரும்பி வந்த பிறகும் அது தெரிந்திருக்காது. வரியைச் சரியாக எழுத வேண்டும். அன்று மத்தியானம் நேரிலேயே போனேன்.

முதலில் எந்த டிஸ்க் என்ன என்று பார்க்க:

எல்எஸ்பிஎல்கே -எஃப்

இது ஒவ்வொரு பிரிவின் வகை, லேபிள், யூயூஐடி (அதற்கான தனி அடையாள எண்) எல்லாவற்றையும் பட்டியல் போடும். எஃப்எஸ்டேப்பின் முதல் இடத்தில் எஸ்டிபி1, எஸ்டிசி1 என்ற பெயர்களை எழுதாதீர்கள். இன்னொரு பென்டிரைவ் செருகியிருந்தால் நேற்றைய எஸ்டிபி இன்று எஸ்டிசி ஆகலாம். யூயூஐடி மாறாது, ஆனால் ஃபார்மெட் செய்தால் புதிதாகிவிடும். பழைய டிஸ்க்கிலிருந்து புதியதுக்கு எல்லாவற்றையும் நகல் எடுத்துவிட்டு, எஃப்எஸ்டேப்பை மறந்துபோய் பூட் செய்து மாட்டிக்கொள்பவர்கள் என் அனுபவத்தில் நிறையப் பேர். யூயூஐடியின் நீளத்தைப் பார்த்தே ஓரளவு பிழை கண்டுபிடிக்கலாம்: டிஸ்க்கின் வகை இஎக்ஸ்டி4 என்றால் கோடுகளோடு சேர்த்து 36 எழுத்து, என்டிஎஃப்எஸ் என்றால் 16, எக்ஸ்ஃபேட் என்றால் நாலும் நாலும் நடுவில் ஒரு கோடும்.

மவுஸ் இல்லாத கறுப்புத் திரையில் 36 எழுத்தைக் கையால் தட்டுவது கொடுமை. சிலர் பிஎல்கேஐடி கட்டளையின் வெளியீட்டை >> குறியால் எஃப்எஸ்டேப்பின் அடியில் ஒட்டிவிட்டு, பிறகு வெட்டித் திருத்துவார்கள். நல்ல தந்திரம்தான். ஒரு > குறைந்தால் மொத்தக் கோப்பும் காலி என்பதால் போனில் இதை நான் யாருக்கும் சொல்வதில்லை. என் வழி லேபிள். டிஸ்க்குக்கு 'போட்டோ' என்று ஆங்கிலத்தில் ஒரு லேபிள் வைத்துவிட்டால் எஃப்எஸ்டேப்பில் லேபிள்=போட்டோ என்று எழுதினால் போதும் (= குறிக்கு முன்னால் வரும் லேபிள் என்ற சொல்லை மட்டும் ஆங்கிலப் பெரிய எழுத்தில் தட்டுங்கள்). நாளைக்கு 4 டிபி நிரம்பி 8 டிபி வாங்கினாலும் அதற்கும் அதே லேபிள் வைத்தால் கோப்பைத் தொடவே வேண்டாம். ஒரே லேபிளில் இரண்டு டிஸ்க்குகளை ஒரே நேரத்தில் செருகாமல் இருந்தால் சரி.

இந்தக் கதைக்கெல்லாம் மருந்து நாலாவது இடத்தில் இருக்கிறது. பெயர் நோஃபெயில். இது இருந்தால் சிஸ்டம்டி அந்த டிஸ்க்கைக் கட்டாயம் என்று எண்ணாது, வந்தால் இணைக்கும், வராவிட்டால் பூட் பாட்டுக்குப் போகும். கழற்றி மாட்டும் எந்த டிஸ்க்குக்கும் இதைப் போடாமல் விடக் கூடாது. கூடவே எக்ஸ்-சிஸ்டம்டி.டிவைஸ்-டைம்அவுட்=10எஸ் என்று சேர்ப்பேன், காத்திருப்பு 90 விநாடியிலிருந்து பத்தாகும்.

லேபிள்=போட்டோ /எஸ்ஆர்வி/போட்டோ எக்ஸ்ஃபேட் டிஃபால்ட்ஸ்,நோஃபெயில்,எக்ஸ்-சிஸ்டம்டி.டிவைஸ்-டைம்அவுட்=10எஸ் 0 0

யார் எழுதலாம் என்பதற்கான யூஐடி, யூமாஸ்க் விருப்பங்களை இங்கே சேர்க்காமல் விட்டிருக்கிறேன், அது அவரவர் சாம்பா அமைப்பைப் பொறுத்தது. கடைசி எண் பூட்டின்போது டிஸ்க்கைச் சோதிக்கும் வரிசை: ரூட்டுக்கு 1, மற்ற இஎக்ஸ்டி4 பிரிவுகளுக்கு 2, எக்ஸ்ஃபேட், என்டிஎஃப்எஸ்ஸுக்கு 0.

விருப்பங்களுக்கு நடுவே காற்புள்ளிக்குப் பின் இடைவெளி விடவே கூடாது. தமிழிலும் ஆங்கிலத்திலும் காற்புள்ளிக்குப் பின் இடைவெளி விட்டுப் பழகிய கை, இங்கேயும் விட்டுவிடும். விட்டால் நோஃபெயில் ஐந்தாவது இடத்துக்குத் தள்ளப்படும். அது எண் இருக்க வேண்டிய இடம், நோஃபெயிலுக்கு அங்கே வேலை இல்லை. ஒரு டியூஷன் சென்டரில் "நோஃபெயில் போட்டும் நின்னுடுச்சு மேடம்" என்று ஒரு பையன் சத்தியம் செய்தான். போய்ப் பார்த்தால் ஒரே ஓர் இடைவெளி. ஃபோல்டர் பெயரில் இடைவெளி இருந்தாலும் இதே கதைதான். அங்கே இடைவெளிக்குப் பதில் \040 என்று எழுத வேண்டும்.

எழுதி முடித்ததும் ரீஸ்டார்ட் செய்து சோதிப்பது பழைய புத்தி. கம்ப்யூட்டர் ஓடிக்கொண்டிருக்கும்போதே சோதியுங்கள்:

ஃபைண்ட்எம்என்டி --வெரிஃபை
சிஸ்டம்சிடிஎல் டீமன்-ரீலோட்
மவுண்ட் -ஏ

முதலாவது கோப்பைப் படித்து எழுத்துப் பிழை, இல்லாத டிஸ்க், இல்லாத ஃபோல்டர் எல்லாவற்றையும் வரியோடு சொல்லிவிடும். இரண்டாவது, கோப்பை மறுபடி படிக்கும்படி சிஸ்டம்டியிடம் சொல்லும். மூன்றாவது, எழுதியிருப்பதை இப்போதே இணைத்துப் பார்க்கும். ஏற்கெனவே இணைந்திருப்பதை மவுண்ட் -ஏ சீண்டாது, ஆகவே சோதிக்கும் டிஸ்க்கை முதலில் யூமவுண்ட் செய்துவிட்டு, அதாவது இணைப்பை விடுவித்துவிட்டுத் தட்டுங்கள். இல்லாவிட்டால் எல்லாம் சரி என்று பொய்யாகத் தோன்றும்.

நோஃபெயில் போட்டுவிட்டு நிம்மதியாகத் தூங்கினேன். மூன்று வாரம் கழித்து அண்ணனிடமிருந்து மறுபடி போன். இந்தமுறை பெட்டி எழுந்திருக்கிறது, ஆனால் இடம் இல்லை என்கிறது. 4 டிபியில் பாதிகூட நிரம்பவில்லை. அதோடு முந்தின நாள் வளைகாப்புப் படங்களைக் காணோம்.

நடந்தது இதுதான். டிஸ்க் ஆல்பம்காரரிடம் இருந்தபோது பெட்டி ஒழுங்காக எழுந்தது, நான் கேட்டபடியே. எஸ்ஆர்வி போட்டோ என்ற ஃபோல்டரும் இருந்தது, வெறும் ஃபோல்டராக. விண்டோஸ் கம்ப்யூட்டர்களுக்கு வித்தியாசம் தெரியுமா? கடைப்பையன் 70 ஜிபி படத்தைக் கொட்டினான். எல்லாம் சின்ன எஸ்எஸ்டிக்குள் போயிற்று. மறுநாள் டிஸ்க்கை மாட்டியதும், அது அந்த ஃபோல்டரின் மேல் போர்வை மாதிரி உட்கார்ந்துகொண்டது. அடியில் இருந்த படங்கள் கண்ணுக்குத் தெரியவில்லை, இடத்தை மட்டும் அடைத்துக்கொண்டிருந்தன.

போர்வையைத் தூக்காமலே அடியில் பார்க்க ஒரு வழி உண்டு:

மவுண்ட் --பைண்ட் / /எம்என்டி

இப்போது /எம்என்டி/எஸ்ஆர்வி/போட்டோ என்ற இடத்தில் எஸ்எஸ்டிக்குள் ஒளிந்திருந்த படங்கள் அப்படியே தெரியும். அங்கிருந்து பெரிய டிஸ்க்குக்கு நகர்த்தினேன். வளைகாப்பு கிடைத்தது. பிறகு டிஸ்க்கை யூமவுண்ட் செய்துவிட்டு, காலி ஃபோல்டருக்கு ஒரு பூட்டு:

சிஎச்ஏடிடிஆர் +ஐ /எஸ்ஆர்வி/போட்டோ

டிஸ்க் இணைந்திருந்தால் வழக்கம்போல எழுதலாம். இணைந்திருக்காவிட்டால் ரூட்டே வந்தாலும் அந்தக் காலி ஃபோல்டரில் எழுத முடியாது, பையனின் திரையில் உடனே பிழை வரும். நோஃபெயில் போடும் எவரும் இதையும் சேர்த்துப் போடுங்கள். பூட்டு டிஸ்க்கின் மேல் அல்ல, அடியில் இருக்கும் ஃபோல்டரின் மேல் விழ வேண்டும் என்பதால் யூமவுண்ட் செய்த பிறகுதான் இதைத் தட்ட வேண்டும்.

இதே எமர்ஜென்சி மோடு வேறு காரணங்களாலும் வரும். விண்டோஸும் லினக்ஸும் ஒரே கம்ப்யூட்டரில் இருந்து, விண்டோஸின் டி டிரைவை எஃப்எஸ்டேப்பில் எழுதியிருந்தால், ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் தொல்லை கொடுக்கும். ஷட்டவுன் கொடுத்தாலும் விண்டோஸ் முழுதாக மூடாது, பாதித் தூக்கத்தில் டிரைவைப் பிடித்துக்கொண்டிருக்கும். லினக்ஸ் அதை இணைக்க மறுக்கலாம், அல்லது படிக்க மட்டும் விடலாம். விண்டோஸில் ரீஸ்டார்ட் கொடுத்து, க்ரப்பில் லினக்ஸைத் தேர்ந்தெடுத்தால் அப்போதைக்குத் தீரும், ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்பை அணைத்தால் நிரந்தரமாகத் தீரும். ஸ்வாப் (மெமரி போதாதபோது பயன்படும் டிஸ்க் இடம்) வரியின் யூயூஐடி பழையதாக இருந்தால் எமர்ஜென்சி வராது, ஒன்றரை நிமிடம் தவம் மட்டும் இருக்கும். விண்டோஸை மறுபடி நிறுவியவர்களுக்கு பூட் இஎஃப்ஐ வரி இடிக்கலாம், அந்தப் பிரிவு ஃபார்மெட் ஆகி யூயூஐடி மாறியிருக்கும்.

கட்டளைக்கோட்டின் தொடக்கத்தில் 'இனிட்ராம்எஃப்எஸ்' என்று அடைப்புக்குள் இருந்தால் அது வேறு ஊர் வழக்கு. ரூட் டிஸ்க்கையே கண்டுபிடிக்க முடியவில்லை என்று பொருள், எஃப்எஸ்டேப்பைப் படிக்கும் கட்டத்துக்கே அது இன்னும் வரவில்லை. கேபிளையும் பயாஸில் டிஸ்க் தெரிகிறதா என்பதையும் முதலில் பாருங்கள்.

அண்ணன் பெட்டிக்கு இப்போது ரூட் பாஸ்வேர்ட் உண்டு, பில் புத்தகத்தின் பின்னட்டைக்கு உள்பக்கம் எழுதியிருக்கிறது. பாதுகாப்பு தெரிந்தவர்கள் திட்டலாம், காலை ஐந்தே முக்காலுக்கு அவர்கள் போன் எடுக்கப்போவதில்லை. போன வாரம் அவரே கூப்பிட்டார். "டிஸ்க்கை உருவட்டுமாம்மா?" எக்ஸ்ஃபேட்டில் ஜர்னல் (மாற்றங்களைக் குறித்துவைக்கும் ஏடு) கிடையாது, எழுதிக்கொண்டிருக்கும்போது உருவினால் படமே போகும். முதலில் யூமவுண்ட் /எஸ்ஆர்வி/போட்டோ என்று தட்டச் சொன்னேன். பிஸியாக இருக்கிறது என்று பதில் வந்தது. பையன் இன்னும் படம் ஏற்றிக்கொண்டிருந்தான். டீ குடித்துவிட்டு வந்து மறுபடி தட்டினார், திரை எதுவும் சொல்லவில்லை. "ஒண்ணும் வரல, அப்ப உருவலாம்தானே?" என்றார்.